லேய் என்றால் மரியாதை

செப்டம்பர் 21

இந்தா பாரு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம் போடலாம் என்று சொன்னது நீ. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்துக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதே.

இத்தாலிய வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் மொழித்துறைக் கட்டடம், மூன்றாவது மாடி, மாலை வகுப்பு. முதல் நாள் வாசலில் காவலாளி என்னைப் பார்த்ததும், "வாங்க சார், லிஃப்ட் ரெண்டாவது மாடியில நின்னு போச்சு, கதவு தொறக்க மாட்டேங்குது" என்றார். அந்த லிஃப்டைப் பராமரிப்பது எங்கள் கம்பெனிதான். "ரிப்பேருக்கு வரலங்க, படிக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் நம்பவில்லை. கதவைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. அதற்குள் பாடம் பாதி முடிந்துவிட்டது.

வகுப்பில் எல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். எனக்கு அங்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேராசிரியையே என்னைவிடப் பத்து வயது சின்னவள். பக்கத்துப் பெண்ணிடம் இத்தாலியத்திலேயே பேனா கேட்டுப் பார்த்தேன். அவள் திருதிருவென்று விழித்தாள். எழுதுகிற பேனாவுக்கு அந்த மொழியில் 'பென்னா' என்று பெயராம். 'பேனா' என்று நீட்டினால் வேதனை என்று அர்த்தமாம். உன்னிடம் வேதனை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பேராசிரியை விளக்கியதும் அந்தப் பெண் சொல்கிறாள், "நெறைய இருக்கு அங்கிள், எது வேணும்?"

இன்னொரு கூத்து. நெருக்கமானவரை நீ என்று சொல்ல 'தூ' என்ற சொல். நம்மிடம் தூ என்றால் துப்புவது. மரியாதையாக நீங்கள் என்று சொல்ல 'லேய்'. நம்மாட்களை லேய் என்று கூப்பிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். அந்த லேய்க்கு 'அவள்' என்றும் அர்த்தமாம். ஆம்பளையாக இருந்தாலும் மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் அவள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு மண்டை காய்கிறது. போதாக்குறைக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு மனைவி புருஷனைத் தூ என்கிறாள். அங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தூதானாம். நீ இதையெல்லாம் கற்றுக்கொண்டு நிற்காதே.

டிசம்பரில் தேர்வு. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் இத்தாலிக்கு உன்னிடம் வந்து சேர எனக்கு அனுமதி கிடைக்கும். நீ வீடு பார். இரண்டு அறையாகப் பார். வேளைக்குச் சாப்பிடு. கம்பளி போட்டுக்கொள். பதில் போடு.

நான்தான்.


அக்டோபர் 6

லிஃப்ட்காரரே,

கடிதம் வந்தது. நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். போனில் உங்கள் 'ம்' மட்டும்தான் கேட்கும். கடிதத்தில் முழு வாக்கியமாக வருகிறீர்கள்.

வேலை பழகிவிட்டது. இந்த மறுவாழ்வு இல்லத்தில் எனக்குக் கொடுத்திருப்பது இடுப்பு எலும்பு மாற்றியவர்களையும், வாதம் வந்து எழுந்தவர்களையும் நடக்கவைக்கிற வேலை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கால் எடுத்து வைக்க, நான் பக்கத்திலேயே பின்னால் நடந்துகொண்டு "பியானோ, பியானோ" என்பேன். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அதே சொல்லுக்கு மாடி என்றும் அர்த்தம் உண்டு. உங்கள் தொழில் சொல், குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கிண்டலாக என்னைக் கைகால் டாக்டர் என்பீர்களே. இங்கே நிஜமாகவே டாக்டர் என்று அடைமொழி போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், என் அப்பா வயது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு ஒரு லேய் போடுகிறார். முதல் வாரம் எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கூட வேலை செய்கிற பெண், கணவரை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டாள். எங்கள் மொழியில் லேய்தான் என்றேன். அவர் உன்னை? தூ என்றேன். "ஏன், அவர் உன்னோட மேனேஜரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஊழியர் விடுதியைக் காலி செய்ய வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம். அந்த வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு இடம் இருக்கிறது. நாலாவது மாடியில் ஒற்றை அறை. முதல் மாடியில் இரண்டு அறை. லிஃப்ட் இருக்கிறது, வேலை செய்யவில்லை என்ற பலகையும் அதில் பல வருடமாக இருக்கிறது. எது வேண்டும் என்று டிசம்பர் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார். பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


அக்டோபர் 19

இந்தா பாரு,

'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன விருந்தாளியா? இரண்டு பேருக்கு இரண்டு அறை. இதில் பார்க்க என்ன இருக்கிறது? நாளைக்கே வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொல்லு.

அந்தப் பெண் சிரித்தாளாம், நீயும் சிரித்துவைத்தாயாம். புருஷன் இங்கே நாக்கைத் திருகிக்கொண்டு கிடக்கிறான், அங்கே அவனை வைத்துச் சிரிப்பு. சரி, சிரி.

படிப்பு முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஒற்று இரட்டிப்பது இப்போது எனக்குச் சுலபம். படம், பட்டம் என்று சொல்லி வளர்ந்த வாய். பிள்ளைகள் தடுமாறுகிற இடத்தில் நான் டாண் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நாம் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டுகிறோமே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்கணும் என்று சொல்லப் போய், 'ப' மாறியதில் தண்ணீர் பேரிக்காய்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் என் பெஞ்சுக்குப் பேரிக்காய் பெஞ்சு என்று பெயர்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவன், ஒரு சின்னப் பொண்ணு கேள்வி கேட்டால் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிகிறேன். சாப்பாடு இறங்குவதில்லை. இதில் நீயும் பார்ப்போம் என்கிறாய். என்ன நினைக்கிறாய் என்று தெளிவாக எழுது.


நவம்பர் 8

லிஃப்ட்காரரே,

தெளிவாக எழுதச் சொன்னீர்கள். எழுதியதைத் தபாலில் போடலாமா வேண்டாமா என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன், இப்போது திருப்பி எழுதுகிறேன்.

நான் யோசிப்பது அறையைப் பற்றி இல்லை. நீங்கள் வந்த மறுநாள் நாம் கடைக்குப் போவோம். உப்பு எங்கே என்று நான்தான் கேட்க வேண்டும். வங்கியில் நான்தான் பேச வேண்டும். நீங்கள் என் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள் என்னைப் பார்த்து லேய் என்பார்கள், உங்களைப் பற்றி என்னிடமே கேட்பார்கள். நீங்கள் அதைத் தாங்குவீர்களா? தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என்னிடம் காட்டுவீர்களா?

இன்னொன்று. உங்கள் கூட்டாளிகள் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இந்தா, நாலு டீ போடு" என்பீர்கள். எனக்கு அது தப்பாகவே பட்டதில்லை. இங்கே வந்த பிறகு அந்தக் குரல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அப்படி எனக்கு நினைவு வருவதே எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசு உங்களைத் தேடுகிறது. அதுவும் உண்மை. இங்கே வந்து என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

நன்றாகப் படியுங்கள்.


டிசம்பர் 9

இந்தா பாரு,

உன் கேள்விக்குப் பதில் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்துக் கடைசியில் தேர்வே வந்துவிட்டது. தேறவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வு பரவாயில்லை. வாய்மொழித் தேர்வில்தான் கவிழ்ந்தேன். சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியை. அவள் பக்கத்தில் கோட்டுப் போட்ட, தலை நரைத்த ஒருவர், மேசையில் இருந்த பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்து அவருக்கு வணக்கம் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன், அட்சரம் பிசகாமல் லேய் போட்டு. அவர் புன்னகைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒலிப்பதிவுக் கருவியைச் சரிபார்க்க வந்தவராம். அவரும் மெக்கானிக், நானும் மெக்கானிக். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு பேராசிரியை கேள்வி கேட்டாள். என் குடும்பம், என் வேலை, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நான் அவளிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். நாலும் தூ. எனக்குத் தெரியவே இல்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள், "நாங்க ரெண்டு பேருமே உங்களுக்குத் தேர்வு வைக்கிற இடத்துலதான் உக்காந்திருந்தோம். அவருக்கு லேய் போட்டீங்க, எனக்குத் தூ போட்டீங்க. இலக்கணம் வரலன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணா தப்பா வந்திருக்கணுமே. இது ஏன்னு யோசிச்சுப் பாருங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. நாலுக்கும் சுழி போட்டாள், அதோடு போயிற்று.

சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. வாய் தானாகப் போய்விட்டது. ஜனவரியில் மறுதேர்வு. அதிலும் போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் கொஞ்சம் தவணை கேள்.


டிசம்பர் 19

லிஃப்ட்காரரே,

தேறவில்லை என்று படித்த பிறகு வேலையில் கவனம் இல்லை. அன்றைக்கு நீதிபதி மடங்கி விழப் பார்த்தார், நல்லவேளை பிடித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வாய் தானாகப் போகவில்லை. பழகிய வழியில் போயிருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். காவலாளி 'அவர்'. பேராசிரியை 'சின்னவள்'. தேர்வு எழுதப் போகும் முன்பே நீங்கள் தேர்வு எழுதிவிட்டீர்கள்.

குத்திக்காட்ட எழுதவில்லை. உங்கள் பேராசிரியை உங்களுக்குச் சொன்னதை நான் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. சொல்ல எனக்கும் தெரியவில்லை, நானும் பழகிய வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரம்மா ஜனவரி கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் முடியாதாம்.


ஜனவரி 7

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதை யோசித்தேன். மறுதேர்வு இருபத்திரண்டாம் தேதி. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நீங்களே முடிவு செய்யுங்கள்.


ஜனவரி 16

என்னங்க,

என்ன கோபம் உங்களுக்கு? நான் அப்படி என்ன எழுதிவிட்டேன்?

நீங்கள் என்னை 'நீங்க' என்று சொன்னது கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு தடவை. நான் கிளம்புகிற அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்றுகொண்டு "போறீங்களா? போங்க" என்றீர்கள். அந்தப் 'போங்க'வை நான் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இப்போது அதே 'நீங்கள்' ஒரு பக்கம் முழுக்க வந்திருக்கிறது. கம்பளி போட்டுக்கொள்ளுங்களாம். யாரோ ஒரு அந்நியருக்கு எழுதுவதைப் போல.

பேச்சை மீறிப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏதாவது குழிக்குள் இறங்கியிருப்பீர்கள் என்று ஒரு மனது சொன்னது. எடுக்க மனமில்லை என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டாவதைத்தான் நம்பினேன்.

நீங்களே முடிவு செய்யுங்கள் என்றீர்கள் இல்லையா? செய்துவிட்டேன். நாலாவது மாடி ஒற்றை அறை போதும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.


ஜனவரி 25

உங்களுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் போன் வந்தபோது குழிக்குள்தான் இருந்தேன், திருப்பிக் கூப்பிட்டால் இதுவும் சண்டையில்தான் முடியும் என்று பயந்து கடிதமாகவே போடுகிறேன்.

நான் கோபத்தில் எழுதவில்லை. பயிற்சிக்காக எழுதினேன். வாய் பழகிய வழியில் போகிறது என்றீர்கள் அல்லவா? சரி, வழியை மாற்றிப் பார்ப்போம் என்று, உங்களுக்கு எழுதும்போது நீங்கள் என்று எழுதித் தொடங்கினேன். விளக்கம் எழுத வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், வெட்கக்காரனுக்கும் அதே கதிதான்.

அந்தச் சின்னக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. சாப்பிடு என்று கை எழுதிவிடும். அடித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று எழுத வேண்டும். அப்படி நின்று நின்று எழுதும்போதுதான் தெரிந்தது, நான் உங்களுக்கு எழுதுவது எல்லாமே உத்தரவு. பார், போடு, கேள், சொல்லு. வீட்டைப் பற்றி எழுத வந்ததும் 'இரண்டு அறை என்று சொல்லுங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். மரியாதை போட்ட பிறகும் அது உத்தரவாகவே இருந்தது. அதனால்தான் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று எழுதினேன். நான் மனதார எழுதிய ஒரே வரி அது. அது போய் உங்களை இப்படிக் குத்தும் என்று தெரியாது. வாசலில் நான் சொன்ன 'போங்க' எனக்கு மறந்தே போயிருந்தது. உங்கள் கடிதத்தில் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுதேர்வு முடிந்தது. பேராசிரியை தனியாகத்தான் இருந்தார். ஒவ்வொரு லேயையும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டேன். வந்துவிட்டது. சான்றிதழ் கையில் இருக்கிறது, விளிம்பில் தப்பின மதிப்பெண்தான், ஆனால் தேறிவிட்டேன். கிளம்பும்போது அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். லேயிலிருந்து தூவுக்கு எப்போது மாறலாம்? அவர் சொன்னார், "பெரியவங்க யாரோ, அவங்கதான் முதல்ல சொல்லணும். சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாறணும். ஒருத்தர் மட்டும் தூ சொல்றதுங்கிறது கிடையாது."

உப்பு வாங்கும்போது பின்னால் நின்றால் தாங்குவீர்களா என்று கேட்டீர்கள். தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பையைப் பிடித்துக்கொண்டு நிற்க முயற்சி செய்வேன் என்று மட்டும் சொல்ல முடியும். எப்படிக் கூப்பிடுவேன் என்ற கேள்விக்கும் பதில் இதுதான். அந்த ஊரில் பெரியவர் நீங்கள். நீங்களாக முதலில் சொல்லாதவரை நான் நீங்கள் என்றே எழுதுவேன், நீங்கள் என்றே கூப்பிடுவேன். அழைக்காமல் வரமாட்டேன்.

உங்கள் லிஃப்ட்காரன்.


பிப்ரவரி 3

லிஃப்ட்காரா,

மேலே இருக்கிற ஒற்றைச் சொல்லை எழுதவே இரண்டு தாள் வீணாகிவிட்டது. பழக்கம் விடவில்லை. எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பி வேறு பார்த்தேன்.

உன் கடிதம் கையெழுத்துப் போட்ட மறுநாள் வந்தது. ஓடிப்போய் வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். முதல் மாடி இரண்டு அறையை ஒரு பேக்கரிக்காரர் குடும்பம் எடுத்துவிட்டதாம். கோபத்தில் முடிவு செய்தால் இப்படித்தான். உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒற்றை அறைதான். கட்டில் சுவரோரம், அடுப்பு ஜன்னலோரம், நடுவில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். இரண்டு பேர் இருக்கலாமா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். சண்டை போடாமல் இருந்தால் இருக்கலாம் என்றார். அதற்கு நான் உறுதி கொடுக்கவில்லை.

எனக்கு மரியாதை வேண்டாம். 'போங்க' மாதிரியான மரியாதை எனக்கு ஜென்மத்துக்கும் போதும். நீ என்றே கூப்பிடு. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கதவு சாத்தியிருந்தாலும் சரி, உன் கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தாலும் சரி. உன் பேராசிரியை சொன்ன மாதிரி, சேர்ந்துதான்.

நாலாவது மாடி. லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறேன்.

வா.